பாம்பன் பாலம்: 145 சின்னத் துண்டுகளும் ஒரு பெரிய துண்டும்

பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் எடுத்தார்கள். நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே நிமிர்ந்த தூக்குப்பாலம். சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேல் போனை நீட்டிக் காத்திருந்து எடுத்த படங்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அதே படங்களின் ஓரத்தில் தண்ணீரை ஒட்டி, எந்த அலங்காரமும் இல்லாமல் நீண்டு போகும் மிச்சப் பாலத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மொத்த நீளமான ஏறத்தாழ 2.06 கிலோமீட்டரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அதுதான்.

அந்தச் சாதாரணப் பகுதியில் இருந்துதான் இந்தப் பாலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். 1914 முதல் 2022 வரை 108 வருஷம் அதன் மேல் ரயில் ஓடியதற்குக் காரணம் பாலம் அசைக்க முடியாத பலத்தோடு இருந்தது அல்ல. கெட்டுப்போன துண்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைக்க முடிந்தது, அதுதான் காரணம். அப்படி மாற்ற முடியாத ஒரே துண்டு நடுவில் இருந்த தூக்குப்பாலம். கடைசியில் பாலம் ஓய்ந்ததும் அந்தத் துண்டில்தான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் இருக்கும் கடல் அகலம்தானே தவிர ஆழம் இல்லை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். அடக்கமாக இருப்பதால் வடக்கே இருப்பது பெண்கடல், சீறுவதால் தெற்கே இருப்பது ஆண்கடல் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டையும் பிரிப்பது பாறைத்திட்டும் மணலும் கலந்த மேட்டுத்தரை. ஒரு காலத்தில் நடந்தே கடந்தார்கள், 15ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு புயல்தான் நிலத்தை அறுத்துவிட்டது என்று ராமேசுவரத்துப் பக்கம் சொல்வார்கள். எப்படியோ, கப்பல் போகிற மாதிரி இருந்தது ஒரே ஒரு குறுகிய வாய்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் பாறையை உடைத்தும் மண்ணை அள்ளியும் அதை ஆழப்படுத்தினார்கள். அதனால் சின்னக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் இந்த வழியாகவே கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் போய் வந்தன.

பாலம் கட்டியது ராமேசுவர பக்தர்களுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. பக்தர்களுக்கு உதவியது உண்மைதான். ஆனால் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கண் இருந்தது கொழும்பு மேல். அதற்கு முன் இலங்கைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாம்பன் வழியாகவும் ஆட்கள் வந்துபோனார்கள். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கையில் இருந்து வந்து இறங்கியது பாம்பனில்தான், அவரை வரவேற்றது ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், அரிசியும் துணியும் போயின. இந்தப் போக்குவரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினால் கம்பெனிக்கு நல்ல வருமானம். மதுரையில் இருந்து மண்டபம் வரை 1902இல் பாதை வந்தது. தீவுக்குள் பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 1906இல் பாதை போட்டார்கள். நடுவில் கடல் மட்டும் பாக்கி. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் வரை மணல்திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. செலவைப் பார்த்ததும் அது நின்றுபோனது. பாம்பனில் பாலம், தனுஷ்கோடியில் இருந்து நீராவிக் கப்பல் என்று முடிவாயிற்று. 1911 ஆகஸ்டில் வேலை தொடங்கியது, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறினால் கொழும்பு வரை ஒரே டிக்கெட் என்ற போட் மெயில் அப்படி வந்ததுதான்.

நாற்பது அடிக் கணக்கு

இரண்டு கிலோமீட்டர் கடலைக் கடக்க பொறியாளர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். கொஞ்சம் தூண், நீளமான கண் (தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள பகுதிதான் கண்). அல்லது நிறையத் தூண், குட்டையான கண். எது லாபம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு தூணுக்கு ஆகும் செலவும் ஒரு கண்ணின் மேல்கட்டுமானத்துக்கு ஆகும் செலவும் ஏறத்தாழ சமமாக வரும் இடத்தில் மொத்தச் செலவு குறைவாக இருக்கும். கங்கை, கோதாவரி மாதிரி ஆற்றில் அடித்தளத்துக்கு மிக ஆழமாகத் தோண்ட வேண்டும். தூண் விலை எகிறிவிடும், அதனால் அங்கே கண் நீளமாகும். பாம்பனில் தண்ணீர் ஆழமில்லை, கீழே பாறை கிடைக்கிறது. தூண் மலிவு. ஆகவே 40 அடி இடைவெளியில் 145 கண்கள்.

இதில் இன்னொரு வசதி ஒளிந்திருக்கிறது. 40 அடி கர்டர், அதாவது தூணுக்குத் தூண் படுக்க வைக்கும் இரும்பு உத்தரம், அந்தக் காலத்து ரயில்வேயில் எங்கும் இருந்த அளவு. ஓடை, வாய்க்கால், காட்டாறு என்று நாடு முழுக்கச் சின்னப் பாலங்களில் அதே அளவு கர்டர்தான். 12.2 மீட்டர் என்ற பெயரில் இன்றைக்கும் இந்திய ரயில்வேயின் நிலையான அளவுகளில் அது ஒன்று. பாம்பனுக்கென்று விசேஷமாக வார்த்தெடுத்தது எதுவும் அந்த 145 கண்களில் கிடையாது. ஊர் ஓடைப் பாலத்தை 145 தடவை வரிசையாக வைத்தார்கள், கடல் கடந்துவிட்டது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத வடிவமைப்புதான். ஆனால் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருந்தது.

இந்தக் கர்டர்களில் முக்கோணச் சட்டகம் கிடையாது, தகட்டு கர்டர்தான். இரும்புத் தகடுகளையும் கோண இரும்புகளையும் ரிவெட் அடித்துச் சேர்த்த உத்தரம், அதன் மேலே ஸ்லீப்பர், அதற்கு மேல் தண்டவாளம். ரயில் பக்கத்தில் கம்பிச் சட்டம் எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் கீழே கடல் மட்டுமே தெரியும் அனுபவம் இதனால் வந்ததுதான். பயணிகளுக்கு அது வேடிக்கை. பொறியாளருக்கு அது காற்றுப் பிரச்சினை.

1879 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் விழுந்து ஒரு ரயிலே ஆற்றுக்குள் போனது. விழுந்தது நடுவில் உயரமாக நின்ற சட்டக கர்டர் பகுதி. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பொறியாளர்கள் காற்றழுத்தத்தைச் சதுர அடிக்கு 56 பவுண்டு என்று கடுமையாகக் கணக்கிடத் தொடங்கினார்கள். பாம்பன் கண்களில் காற்றுக்குக் காட்டும் பரப்பு மிகக் குறைவு. பாலம் தாங்கிவிடும். தாங்காமல் போகக்கூடியது அதன் மேல் போகும் பெட்டிதான்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ அளவுக்கு அழுத்தும். ஒரு பெட்டியின் பக்கவாட்டுப் பரப்பை 60 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு டன் பக்கத்தில் இருந்து தள்ளுகிற மாதிரி. காற்று அதைப்போல இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு டன். பாலத்தில் காற்றுவேகமானி வைத்து, வேகம் 58ஐத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும்படி செய்திருந்தது இதற்காகத்தான். வாடைக் காலத்தில் மண்டபத்திலும் பாம்பனிலும் மணிக்கணக்கில் நின்ற ரயில்களில் உட்கார்ந்து புலம்பியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்த ஒரு டன் கணக்கு தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகப் புலம்பியிருப்பார்கள்.

நிமிரும் பாதிகள்

கப்பல் வாயை 40 அடிக் கண்ணால் அடைக்க முடியாது. கப்பலுக்கு 200 அடி வழி விட வேண்டும், உயரத்துக்கும் தடை இருக்கக் கூடாது. அந்த ஒரு இடத்துக்காகக் கொண்டுவந்ததுதான் ஷெர்சர் முறைத் தூக்குப்பாலம்.

வில்லியம் ஷெர்சர் சிகாகோக்காரர். சிகாகோ நகரத்துக்கு நடுவே ஆறு ஓடுகிறது, அதில் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. பாலங்களை அடிக்கடி திறந்து மூட வேண்டிய நெருக்கடியில் அவர் கண்டுபிடித்தது உருண்டு எழும் பாலம். 1893இல் 35 வயதிலேயே இறந்துபோனார், தன் முறையில் கட்டிய முதல் பாலத்தை அவர் பார்க்கவில்லை. அது 1895இல் சிகாகோவில் வந்தது. அவர் சகோதரர் ஆல்பர்ட் கம்பெனியை எடுத்து நடத்தி முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். பாம்பனுக்கான இரும்பு வேலையைச் செய்தது இங்கிலாந்தில் தார்னபியில் இருந்த ஹெட் ரைட்சன் கம்பெனி.

சாதாரணத் தூக்குப்பாலம் கதவு மாதிரி ஒரு அச்சில் சுழலும். மொத்த எடையும் அந்த அச்சின் மேல் விழும். ஷெர்சர் அச்சையே எடுத்துவிட்டார். பாலத்தின் கரைப்பக்க முனையை வட்டத்தின் ஒரு துண்டு போல வளைத்து, அந்த வளைவு ஒரு தட்டையான தளத்தின் மேல் உருளும்படி வைத்தார். குழந்தைகள் உட்கார்ந்து ஆடும் மரக்குதிரையின் வளைந்த அடிக்கட்டை மாதிரி. அது பின்னால் சாயும்போது முன்பக்கம் எழும்புவதோடு மொத்தமும் கொஞ்சம் பின்வாங்கவும் செய்கிறது. கப்பலுக்குக் கிடைக்கும் வழி அந்த அளவுக்கு அகலமாகிறது. உருளும்போது வழுக்கிவிடாமல் இருக்க வளைவில் இருக்கும் பள்ளங்களும் தளத்தில் இருக்கும் முளைகளும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். பின்முனையில் எதிர் எடை. எடை மையம் உருளும் வட்டத்தின் மையத்திலேயே வரும்படி எதிர் எடையைச் சரிக்கட்டினால், பாலம் எழும்போதும் அந்த மையம் மேலே ஏறாது, கிடைமட்டமாகத்தான் நகரும். உயரத்தில் எதையும் தூக்குவதே இல்லை என்பதால் தேவைப்படும் சக்தி உராய்வையும் காற்றையும் வெல்லும் அளவுக்குத்தான்.

பாம்பனில் ஒவ்வொரு பாதியும் 400 டன்னுக்கு மேல். அதை 1914இல் இருந்து கடைசி வரை திறந்தது ஆட்களின் கைபலம். பக்கத்துக்கு ஆறு பேர், மொத்தம் பன்னிரண்டு பேர், பல்சக்கரத்தோடு இணைந்த நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். திறக்க அரை மணிக்கும் மேல் ஆகும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பழமை என்று சிரிப்பார்கள். 800 டன்னைப் பன்னிரண்டு பேர் நகர்த்துகிறார்கள் என்றால் சமநிலை எவ்வளவு துல்லியமாக இருந்திருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் நியாயம். திறக்கிற நாளில் கப்பலுக்குப் பின்னால் விசைப்படகுகளும் வரிசை கட்டி நிற்கும்.

தூக்குப்பாலம் முக்கோணச் சட்டகமாக இருப்பதற்குக் காரணம் எடை. நான்கு கம்புகளைச் சதுரமாக ஆணியடித்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூன்று கம்புகளை முக்கோணமாக அடித்துத் தள்ளினால் கம்பு ஒடிய வேண்டும் அல்லது ஆணி பிடுங்க வேண்டும், வடிவம் மாறாது. முக்கோணங்களை அடுத்தடுத்துச் சேர்த்தால் ஒவ்வொரு உறுப்பும் ஒன்று இழுபடும் அல்லது அமுக்கப்படும். வளைவதற்கு வேலை இல்லை. அதனால் குறைந்த இரும்பில் நீண்ட தூரம் போகலாம். தூக்குப்பாலத்தில் ஒரு டன் இரும்பைக் குறைத்தால் அதற்கான எதிர் எடையும் குறையும், லாபம் இரண்டு பக்கமும். இணையத்தில் கிடக்கும் அந்தப் படங்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சட்டகம் கரைப்பக்கம் உயரமாகவும், நடுவே வரவர ஒடுங்கியும் இருக்கும். ஒரு முனையில் மட்டும் பிடித்து நீட்டிய கை அது. பிடித்த இடத்தில்தான் வளைக்கும் விசை அதிகம், அங்கே ஆழம் வேண்டும். நுனியில் வேண்டாம்.

சரி, இவ்வளவு நல்ல சட்டகத்தை 145 கண்களுக்கும் போட்டிருக்கலாமே? 40 அடிக்குச் சட்டகம் போட்டால் மிச்சமாகும் இரும்பு சொற்பம். இணைப்புகள்தான் பெருகும். ஒவ்வொரு இணைப்பிலும் தகடு, ரிவெட், மூலை, இடுக்கு. உப்புக்காற்றில் இடுக்கு என்றால் துரு என்று அர்த்தம்.

1964இல் போனதும் திரும்பி வந்ததும்

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றி ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு விஷயம் மட்டும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் பாம்பன் பாலத்தில் இருந்து கடலில் விழுந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அந்த 653 பாசஞ்சர் பாம்பனில் இருந்து கிளம்பி, தீவுக்குள்ளேயே ஓடி, தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலேற்றத்தில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அதே இரவில் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. தூண்கள் பெருமளவு நின்றன. தூக்குப்பாலமும் நின்றது. கர்டர்களைக் கொண்டுபோனது காற்றைவிட நீர். கடல்மட்டம் கண் உயரத்துக்கு ஏறி, அலை கீழிருந்து தூக்கி, பக்கத்தில் இருந்து தள்ளினால், தூண் மேல் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும் சின்ன கர்டர் நழுவிவிடும். அது கழன்று போனதால் தூணுக்கு வர வேண்டிய தள்ளுவிசையும் குறைந்துவிடுகிறது. தூக்குப்பாலம் பல மடங்கு கனம், சட்டகத்தின் இடைவெளிகள் வழியே அலையும் காற்றும் புகுந்து போய்விடும்.

சீரமைப்புக்கு ஆறு மாதம் ஆகும் என்றது ரயில்வே, பிறகு அதை மூன்று மாதமாகச் சுருக்கியது. பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது பல வருஷம் கழித்து. முதலில் நாட்டின் மற்ற இடங்களில் இருந்து கர்டர்களைத் திரட்டுவது என்றுதான் திட்டம். அப்புறம் கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கித் தூண் மேல் வைத்தார்கள். 46 நாளில் வேலை முடிந்தது.

இந்தக் கதையில் எல்லோரும் ஸ்ரீதரனின் வேகத்தைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். கூடவே 1911இல் வரைபடம் போட்டவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கடலில் இருந்து எடுத்த கர்டர் எந்தத் தூணுக்கு உரியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரே அளவு, எதை எங்கே வைத்தாலும் உட்காரும். அஸ்ஸாமில் சும்மா கிடக்கும் 40 அடி கர்டர்கூட இங்கே பொருந்தும். போனது 60 மீட்டர் சட்டகங்களாக இருந்திருந்தால் வளைந்து முறுகியதை நிமிர்த்தவும் முடியாது, மாற்றும் கிடைக்காது. தலைகீழாக யோசித்தால், அன்றைக்குத் தூக்குப்பாலம் போய் 126 கர்டர்கள் நின்றிருந்தால், 46 நாள் என்ற பேச்சே இருந்திருக்காது.

தனுஷ்கோடிப் பாதை அதோடு முடிந்தது. இலங்கைக் கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் போரோடு நின்றது.

உப்பு

புயல் ஒருநாள் வரும், போகும். உப்பு தினமும் வரும். உலகத்திலேயே இரும்பு அரிக்கும் இடங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று ஒரு வாக்கியம் எல்லாக் கட்டுரையிலும் வரும். தரவரிசை எப்படியோ, காரணம் எளிது. வாடை அடித்தால் வடகடல் உப்பு, சோளகம் அடித்தால் தென்கடல் உப்பு. மற்றக் கடற்கரைகளில் நிலக்காற்று அடிக்கும் மாதங்களில் இரும்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இங்கே இரண்டு பக்கமும் கடல், ஓய்வே இல்லை. படிந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்யாத இரவிலும் கர்டர் நனைந்தே இருக்கும்.

துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளுக்கு இடையே உருவானால் தகடுகளைப் பிளந்து, ரிவெட் தலையைத் தெறிக்க வைக்கும். வெளியில் பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இது நடக்கும். அதனால் பாம்பனில் பெயின்ட் வேலை முடிந்தது என்று ஒரு நாள் வந்ததே இல்லை. ஒரு முனையில் முடிப்பதற்குள் அடுத்த முனையில் சுரண்டத் தொடங்க வேண்டும். கயிற்றில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டிய ஆட்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாலத்தை நிறுத்தி வைத்திருந்ததில் பாதிப் பங்கு அவர்களுடையது.

தகட்டு கர்டரில் இந்த வேலை முடியும். சமதளம், கை போகும், கண் போகும், மோசமானால் மொத்தமாகக் கழற்றிவிடலாம். தூக்குப்பாலத்தின் சட்டகத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள், கை நுழையாத இடங்கள். அதோடு உருளும் வளைவு தளத்தைத் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடுதான். நானூறு டன்னும் அந்தக் கோட்டின் மேல். தேய்மானமும் விரிசலும் அங்கே வரும் என்பது உலகத்தில் உள்ள எல்லா ஷெர்சர் பாலங்களுக்கும் பொதுவான பலவீனம்.

இந்த நிலையில்தான் அகலப்பாதை வந்தது. மீட்டர் கேஜுக்காகக் கட்டிய பாலத்தின் மேல் 1.676 மீட்டர் பாதை. 2007 ஆகஸ்ட் 12 அன்று அகல ரயில் ஓடியது. தூண்களையும் கர்டர்களையும் பலப்படுத்துவது கடினமான வேலை என்றாலும் தெரிந்த வேலை. தூக்குப்பாலத்தில் அப்படி நினைத்தபடி இரும்பு சேர்க்க முடியாது. முன்பக்கம் ஒரு டன் கூட்டினால் எதிர் எடையைக் கூட்ட வேண்டும், அந்தப் பளு மறுபடி உருளும் கோட்டின் மேல்தான் விழும். மேலும் அது நடுவில் சந்திக்கும் இரண்டு பாதிகள். ரயில் ஒரு பாதியின் நுனிக்கு வரும்போது அது தாழும், அடுத்த பாதியின் நுனி அதற்குச் சமமாக நிற்க வேண்டும், நடுப்பூட்டு சரியாகப் பிடிக்க வேண்டும். ரயில்வேக்கு இரட்டைப் பாதித் தூக்குப்பாலங்களை உலகத்தில் அபூர்வமாகவே கட்டியிருப்பதற்குக் காரணம் இந்தத் தலைவலி. பாம்பனில் ரயில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தது சும்மா இல்லை.

2013 ஜனவரியில் ஒரு பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) மிதந்து வந்து தூண் பக்கம் மோதியது. கெட்ட இடத்தைச் சரிசெய்து ரயிலை விட்டார்கள். 2018 டிசம்பரில் தூக்குப்பாலத்தில் விரிசல் தெரிந்தது, போக்குவரத்து திரும்ப ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. தூணில் மோதியதைவிடச் சட்டகத்தில் ஒரு விரிசல் பெரிய விஷயமாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பர் 23 முதல் பாலத்தில் ரயில் நிரந்தரமாக நின்றது. தூக்குப்பாலத்தின் நிலைதான் காரணம். ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி, 1988 அக்டோபர் 2 அன்று திறந்த சாலைப் பாலத்தின் வழியாகப் பஸ்ஸில் போனார்கள். இரண்டே கால் வருஷம் அப்படித்தான்.

புதிய பாலம்

பழைய பாலத்தை ஒட்டியே வடக்கில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. செலவு 550 கோடி ரூபாய் அளவில். பழையதைவிட 3 மீட்டர் உயரம். தூண்கள் இரட்டைப் பாதைக்கு இடம் விட்டுக் கட்டப்பட்டுள்ளன, இப்போதைக்கு ஒரு பாதை. இங்கேயும் கணக்கு அதேதான். 99 கண்கள் 18.3 மீட்டர், அதாவது பழைய 60 அடி. அதுவும் ரயில்வேயின் நிலையான அளவு. நடுவில் ஒரே ஒரு பெரிய துண்டு, 72.5 மீட்டர், சுமார் 660 டன்.

இந்தப் பெரிய துண்டு இரண்டாகப் பிரியாது. இரண்டு பக்கமும் 34 மீட்டர் கோபுரங்கள், கம்பிவடங்கள், எதிர் எடைகள். மின்மோட்டார் மொத்தச் சட்டகத்தையும் படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் தூக்கும். திறக்க ஐந்து நிமிடம் போதும். நடுப்பூட்டுத் தலைவலி ஒழிந்தது, ரயில் போகும்போது அது இரண்டு முனையும் தாங்கிய சாதாரணச் சட்டகம். தேய்கிற பொருட்களும் மாறியிருக்கின்றன. பழையதில் தேய்ந்தது பாலத்தின் உடம்போடு சேர்ந்த வளைவு. புதியதில் தேய்வது கம்பிவடமும் கப்பியும் மோட்டாரும். கழற்றி மாட்டக்கூடியவை. வேகத்தைவிட எனக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிவது இதுதான். பதிலுக்கு ஒரு புதுக் கவலையும் வருகிறது. இரண்டு கோபுரமும் ஒரே சீராகத் தூக்க வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் சட்டகம் சாய்ந்து வழித்தடத்தில் இறுகிக்கொள்ளும்.

திறப்பதற்கு முன் 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வந்தது. ரயில் ஓடலாம், ஆனால் வேகம் 75 கிலோமீட்டர், தூக்கும் கண்ணில் 50 என்று அனுமதி கொடுத்த அதே அறிக்கை, தூக்கும் கண்ணின் வடிவமைப்பு ரயில்வேயின் தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் வழக்கமான வழியில் வரவில்லை என்றும், துருவின் அடையாளங்கள் இப்போதே தெரிகின்றன என்றும் எழுதியது. வடிவமைப்பை வெளிநாட்டு ஆலோசகர் செய்ததையும், ஐ.ஐ.டி.க்கள் சரிபார்த்ததையும் ரயில்வே பதிலாகச் சொன்னது. அரசியலாகப் பேசப்பட்ட இந்தச் சண்டையின் அடியில் இருப்பது பழைய விஷயம்தான். 18.3 மீட்டர் கர்டருக்கு நாடு முழுக்க வரைபடமும் அனுபவமும் இருக்கிறது, 72.5 மீட்டர் தூக்கும் சட்டகத்துக்கு இந்தியாவில் இதுதான் முதல். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று கிடையாது, கெட்டால் கடன் வாங்க இன்னொரு பாலமும் கிடையாது.

அதனால் அரிப்புத் தடுப்பில் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்பின் மேல் உலோகப் பூச்சு, அதற்கு மேல் பாலிசிலாக்ஸேன் பெயின்ட். 35 வருஷம் தாங்கும் என்கிறார்கள். ரிவெட்டுக்குப் பதிலாக வெல்டிங் என்பதால் தகடுகளுக்கிடையே இடுக்கு குறைவு. அதே சமயம் ரிவெட் பாலத்தில் ஒரு தகட்டில் வந்த விரிசல் அந்தத் தகட்டோடு நிற்க வாய்ப்பு உண்டு, வெல்டிங் செய்த உறுப்பில் அது தடையில்லாமல் ஓடும். இனி வாடைக்காற்றுக் காலம் முடிந்து பரிசோதனைக்கு ஏறுகிறவர்கள் தூக்கும் நேரம் எத்தனை நிமிடம் என்று பார்ப்பதைவிட, தூக்கும் கண்ணின் அடிப்பக்க வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் எங்கே கொப்பளித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.